வீட்டில் கட்டும் அம்பிளிபயருக்கு நிலைமாற்றியா, சுவிச்சிங் மின்வழங்கியா?

மாங்குளத்து மாணவன்:
எங்கள் ஊர் வாசிகசாலைக்காக, எல்எம்3886 என்னும் ஒலிபெருக்கும் சில்லுகள் இரண்டைக் கொண்டு ஒரு ஸ்டீரியோ அம்பிளிபயர் கட்டுகிறேன். ஒலிபெருக்கிகள் 8 ஓம். 25-0-25 வோல்ற்று நிலைமாற்றியை (நடுப் பூச்சியத்தின் இருபுறமும் 25 வோல்ற்று தரும் டிரான்ஸ்போமரை) வாங்கும்படி பலரும் சொல்கின்றனர். ஆனால் மின்கம்பித் தொடரின் கடைசியில் இருக்கும் எங்களுக்கு, அரிசி ஆலை ஓடும் மாலை வேளைகளில் 230 வோல்ற்று வருவதில்லை. நிலைமாற்றி அந்த இறக்கத்தை அப்படியே அம்பிளிபயருக்குக் கடத்திவிடும்; மின்சாரத்தை அதிவேகமாகத் துண்டித்து இணைத்து வேண்டிய வோல்ற்றை ஆக்கும் சுவிச்சிங் மின்வழங்கியோ வெளியீட்டை நிலையாகப் பேணும். ஆகவே வன்னிக்கு அதுவே பொருத்தம் என்பது என் வாதம்.

கிளிநொச்சி மூத்தவன்:
தம்பி, இறக்கம் உண்மைதான். அதனால் எவ்வளவு இழக்கிறீர்கள் என்பதையும் கணக்கிட வேண்டும். அந்தச் சில்லின் தரவுத்தாளின்படி, 8 ஓமில், நேர் மறை 35 வோல்ற்றில் (பூச்சியத்துக்கு மேலும் கீழும் 35) 50 வாட்டும், 28 வோல்ற்றில் 38 வாட்டும் கிடைக்கும். அதாவது மின்சாரம் 230 இலிருந்து 184 வோல்ற்றுக்கு விழுந்து, அதே விகிதத்தில் 35 உம் 28 ஆனாலும் உச்ச ஒலியில் இழப்பது ஏறத்தாழ 1.2 டெசிபல் மட்டுமே. வாசிகசாலையில் அமர்ந்திருப்பவர் அதை உணர்வதே அரிது. இன்னொன்று: இரட்டை வெளியீட்டுடன் மலிவாகக் கிடைக்கும் சுவிச்சிங் பலகைகளுள் பல, பின்னூட்டமற்ற (வெளியீட்டை அளந்து தானே திருத்திக்கொள்ளாத), இரு சுவிச்சுகளால் இயங்கும் அரைப்பால அமைப்பிலானவை; மின்சாரம் இறங்கினால் அவற்றின் வெளியீடும் கூடவே இறங்கும்.

நான் அஞ்சுவது ஏற்றத்தைத்தான். 25 வோல்ற்று ஆடலோட்ட அலையின் உச்சம் 35. சுமையற்ற நிலைமாற்றி அதைவிடக் கூடவே தரும். நள்ளிரவில் மின்சாரமும் சற்று உயர்ந்தால் நேர் மறை 40 ஐ எட்டலாம். இரண்டும் சேர்ந்தால் 80; சில்லுக்கு நேர், மறை முனைகளுக்கிடையே 84 வோல்ற்றே இயங்கு எல்லை. ஆகவே 22-0-22 போதும்.

மாங்குளத்து மாணவன்:
பின்னூட்டம் பற்றிய கருத்தை ஏற்கிறேன் அண்ணை. பலகையைத் தெரிந்தே வாங்க வேண்டும். ஆனால் நிலைமாற்றியின் மின்னை நேராக்கிய பின்னும் எஞ்சும் 100 ஹேர்ட்ஸ் அலைவு? மின்னைச் சேமித்துச் சமப்படுத்தும் 10,000 மைக்ரோபரட் கொள்ளளவியில் 2 அம்பியர் எடுத்தால் ஏறத்தாழ 2 வோல்ற்று அலையும். சுவிச்சிங்கில் அந்தத் தொல்லை மிகக் குறைவு.

கிளிநொச்சி மூத்தவன்:
அந்த அலைவைச் சில்லே பெரும்பாலும் தள்ளிவிடும். வீட்டில் கட்டியவற்றில் கேட்கும் இரைச்சலுக்குக் காரணம் பெரும்பாலும் பூச்சியக் கம்பியின் (0 வோல்ற்றுப் பொதுக் கம்பியின்) பாதை: கொள்ளளவிகளை நிரப்பும் கூரிய மின்னோட்டத் துடிப்புகள், ஒலிச்சமிக்ஞையின் பூச்சியத்தோடு ஒரே கம்பியில் ஓடக் கூடாது. இரு கொள்ளளவிகளின் பூச்சிய முனைகளையும் முதலில் தமக்குள் இணைத்து, அங்கிருந்து தனிக் கம்பியால் எல்லாப் பூச்சியக் கம்பிகளும் கூடும் ஒரே நட்சத்திரப் புள்ளிக்குக் கொண்டு செல்லுங்கள்.

முல்லைத்தீவு ரேடியோக்காரன்:
இருவரும் புவித்தொடுப்பை (எர்த்தை) மறந்துவிட்டீர்கள். சுவிச்சிங்கின் உள்ளே மின்கம்பிக்கும் வெளியீட்டுக்கும் இடையில் இரைச்சலடக்கும் சிறு கொள்ளளவி இருப்பது வழக்கம். புவித்தொடுப்பு இல்லாத வீட்டில் உலோகப் பெட்டியைத் தொட்டால் கை கூசும். கோடையில் மண் காய்ந்து தொடுப்பு பலவீனமடையும் நம் நிலத்தில் இது சிறிய விடயம் அன்று. மின்சாரமே இல்லாத போர்க்காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட தலைமுறை நாங்கள். கையால் திறந்து திருத்தக்கூடிய பொருளையே நம்புவோம். ஐப்பசி இடிமின்னலில் எரிந்த சுவிச்சிங் பலகையைத் திருத்த ஊரில் ஆள் இல்லை.

மாங்குளத்து மாணவன்:
புவித்தொடுப்பு கெட்டிருந்தால் அதைத்தான் சீர்செய்ய வேண்டும். நிலைமாற்றி வைத்தாலும் உலோகப் பெட்டிக்கு அது கட்டாயம். மின்னலும் எதையும் விட்டுவைக்காது. ஆனால் 1.2 டெசிபல் கணக்குக்கு என்னிடம் மறுமொழி இல்லை. 22-0-22 இல் இரு சில்லுக்கும் சேர்த்து 200 வோல்ற்றம்பியர் (நிலைமாற்றியின் திறன் அளவு) போதுமா, முதற்சுற்றில் (மின்சாரம் நுழையும் பக்கத்தில்) எத்தனை அம்பியர் உருகி இட வேண்டும் என்பதை மூத்தவர் சொன்னால் நிலைமாற்றியை முதலில் கட்டிப் பார்க்கிறேன்.

கிளிநொச்சி மூத்தவன்:
இசைக்கு 200 போதும். தாமதமாக உருகும் 2 அம்பியர் உருகியை இடுங்கள்.