டி.என்.இ.ஏ. கட்ஆஃப் 188.5, பி.சி.: சாய்ஸ் லிஸ்ட்டை எந்த வரிசையில் போடுவது?

மருதாணிக்கொடி:

வணக்கம். தம்பி இந்த வருஷம் +2 முடித்துவிட்டு டி.என்.இ.ஏ. என்கிற தமிழ்நாடு பொறியியல் கவுன்சலிங்குக்குப் போகிறான், ஸ்டேட் போர்டு. கணக்கு 95, இயற்பியல் 94, வேதியியல் 93. வகுப்பு பி.சி. வீட்டில் இதுவரை யாரும் பட்டம் வாங்கியதில்லை, நான் பாலிடெக்னிக் டிப்ளமோ. கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் வேண்டும் என்கிறான், கிடைக்காவிட்டால் ஈ.சி.ஈ. கோயம்புத்தூர் பக்கம் என்றால் வசதி.

மூன்று குழப்பம். "பெரிய காலேஜை மேலே போட்டால் சீட் போயிடும், உறுதியாகக் கிடைக்கிறதை முதலில் போடுங்க" என்று பிரவுசிங் சென்டரில் சொல்கிறார்கள். நிஜமா? தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் ஐந்தாறு ஆப்ஷன் காட்டுமாமே, எதை அமுக்குவது? சான்றிதழ்களில் எது இல்லாவிட்டால் மாட்டிக்கொள்வோம்?

ரேண்டம்நம்பர்:

கட்ஆஃப் முதலில். கணக்கு அப்படியே 95, இயற்பியலில் பாதி 47, வேதியியலில் பாதி 46.5. மொத்தம் 200க்கு 188.5, சரிதான். இதே 188.5இல் இன்னும் பலர் நிற்பார்கள். அவர்களுக்குள் கணக்கில் யார் அதிகம் என்று முதலில் பார்ப்பார்கள், பிறகு இயற்பியல். மார்க்கெல்லாம் பார்த்தும் சமமாகவே இருந்தால் பிறந்த தேதி, வயதில் மூத்தவர் முன்னால். அதுவும் ஒன்றென்றால்தான் ஒவ்வொருவருக்கும் கம்ப்யூட்டர் குலுக்கித் தரும் ரேண்டம் எண், பெரிய எண் வைத்திருப்பவர் முன்னால். ரேண்டம் எண் வெளியானதும் அதை வைத்து ஜோசியம் பார்ப்பவர்கள் உண்டு. பெரும்பாலானவர்களுக்கு அது வேலைக்கே வராது.

பிரவுசிங் சென்டர்காரர் சொன்னது தவறு. சீட் ஒதுக்கப்படும் விதத்தைப் பார்த்தால் புரியும்.

உங்கள் லிஸ்ட்டை எந்தக் காலேஜும் பார்ப்பதில்லை. கம்ப்யூட்டர் ரேங்க் வரிசையில் ஒவ்வொருவராக எடுக்கிறது. தம்பி முறை வரும்போது அவன் லிஸ்ட்டின் முதல் வரியைப் படிக்கும். அங்கே ஓ.சி. (பொதுப் பிரிவு) இடம் காலியா? காலி என்றால் அதைக் கொடுத்துவிடும். இல்லையென்றால் அதே வரியில் பி.சி. இடம் இருக்கிறதா என்று பார்க்கும். அதுவும் இல்லையென்றால்தான் இரண்டாவது வரி. இப்படி இறங்கிக்கொண்டே வந்து, முதலில் எங்கே இடம் இருக்கிறதோ அங்கே நின்றுவிடும். அதன் பிறகுதான் அடுத்த ரேங்க்காரரின் லிஸ்ட்டைத் திறக்கும்.

இதில் இரண்டு விஷயம் இருக்கிறது. 40ஆவது வரியில் கிடைக்க வேண்டிய சீட், மேலே 39 வரி ஆசைக்கு எழுதியிருந்தீர்கள் என்பதற்காக வேறொருவருக்குப் போகாது. பின்னால் இருப்பவரின் முறை தம்பியின் 40 வரியும் பார்த்து முடிந்த பிறகுதான் வருகிறது. இரண்டாவது, உறுதியானதை மேலே போட்டீர்களானால் அது கிடைத்து அங்கேயே நின்றுவிடும். கீழே எழுதிய நல்ல காலேஜில் இடம் இருந்ததா என்று கம்ப்யூட்டர் எட்டிக்கூடப் பார்க்காது. பிறகு அப்வேர்ட், அதாவது லிஸ்ட்டில் மேல் வரிக்கு மாற்றம், கேட்டாலும் மேலே போக வரி இருக்காது.

ஆகவே வரிசை ஆசைப்படி. கிடைக்குமா என்ற கணக்கு லிஸ்ட்டை எவ்வளவு நீளமாகப் போடுவது என்பதற்கு மட்டும்.

கொங்குவாசல்:

மேலே உள்ளவர் சொன்னது அத்தனையும் சரி. நீளத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன்.

போன வருஷக் கட்ஆஃப் மார்க்கைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கேள்வித்தாள் சுலபமாக வந்த வருஷம் எல்லார் மார்க்கும் ஏறும், கடினமான வருஷம் எல்லாருக்கும் இறங்கும். 188.5க்குப் போன வருஷம் இருந்த இடம் இந்த வருஷம் இருக்காது. ரேங்க் பட்டியல் வந்ததும் தம்பியின் பொது ரேங்க், பி.சி. ரேங்க் இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். போன வருஷம் அந்தக் காலேஜில், அந்தப் பிரிவில் பி.சி.யில் கடைசியாக உள்ளே போனவரின் ரேங்க் என்ன என்று பார்த்து ஒப்பிடுங்கள்.

அதையும் முழுசாக நம்ப முடியாது. சுயநிதிக் காலேஜ் ஒன்றில் 60 சீட் உள்ள பிரிவை எடுத்துக்கொள்ளுங்கள். சிறுபான்மைக் காலேஜ் இல்லையென்றால் 65% அரசு ஒதுக்கீடு, அதாவது 39. அதில் 7.5% அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் போக மீதி 36 என்று வையுங்கள். பி.சி.க்கு 26.5%. மொத்தமே ஒன்பது பத்து இடம்! நாலு பேர் மனசு மாறினால் கடைசி ரேங்க் எங்கேயோ போய்விடும். சிறுபான்மைக் காலேஜில் அரசுக்கு வருவது 50%தான், இன்னும் குறையும். போதாததற்கு, நன்றாக நடக்கிற காலேஜ்களுக்கு இருந்த சீட் உச்சவரம்பைத் தொழில்நுட்பக் கல்விக்கான மத்திய அமைப்பான ஏ.ஐ.சி.டி.ஈ. 2024இல் எடுத்துவிட்டது. கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்ட பிரிவுகளில் சீட்டைக் கூட்டிய காலேஜ்களில் பழைய கடைசி ரேங்க் செல்லாது.

அதனால் ரேங்க்குக்கு எட்டாதது என்று தோன்றுவதையும் ஆசைக்கு எழுதுங்கள், கண்டிப்பாகக் கிடைக்கும் என்று தோன்றுவதைத் தாண்டியும் கீழே கொஞ்ச தூரம் எழுதுங்கள். சாய்ஸ் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு கிடையாது. பத்துப் பதினைந்தோடு நிறுத்திவிட்டு "எனக்கு எதுவுமே வரல" என்று நிற்பவர்கள்தான் அதிகம்.

கோவைப் பக்கம் என்றால் ஜி.சி.டி. (அரசு தொழில்நுட்பக் கல்லூரி) 2005, பி.எஸ்.ஜி. டெக் 2006, சி.ஐ.டி. (கோயம்புத்தூர் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டெக்னாலஜி) 2007, இந்தக் கவுன்சலிங் காலேஜ் எண்களைக் குறித்து வையுங்கள். பி.எஸ்.ஜி. போன்ற உதவி பெறும் காலேஜில் ஒரே பிரிவு இரண்டு வரியாக வரும். ஒன்று வெறும் பெயர், இன்னொன்று பக்கத்தில் எஸ்.எஸ். என்று போட்டது. எஸ்.எஸ். என்றால் சுயநிதி வகுப்பு, கட்டணம் வேறு. வாத்தியார், லேப், பட்டம் எல்லாம் ஒன்றுதான். கட்டணம் கட்ட முடியுமென்றால் இரண்டையும் அடுத்தடுத்துப் போடுங்கள். ஐ.டி.யை விட்டுவிடாதீர்கள்! கம்ப்யூட்டர் சயின்ஸுக்கும் ஐ.டி.க்கும் பாடத்தில் பெரிய வித்தியாசம் இல்லை, ஆனால் ரேங்க்கில் ஐ.டி. கொஞ்சம் தள்ளி முடியும்.

என்னைக் கேட்டால் காலேஜ்தான் முதலில், பிரிவு அப்புறம். ஜி.சி.டி. ஈ.சி.ஈ.யை, பெயர் தெரியாத காலேஜின் கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு மேலே வைப்பேன்.

திண்ணைப்பேச்சு:

கடைசிப் பாராவில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. சர்க்யூட் பிடிக்காத பையனை ஈ.சி.ஈ.யில் போட்டால் மூன்றாம் செமஸ்டரிலேயே அரியர் ஆரம்பிக்கும். நெட்வொர்க் தியரியோ சிக்னல்ஸோ காலேஜ் பெயரைப் பார்த்துப் பாஸ் போடாது. தம்பியைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

ஆப்ஷன்கள் பற்றி. தற்காலிக ஒதுக்கீடு வந்த பிறகு பதில் சொல்ல இரண்டு மூன்று நாள்தான் இருக்கும். பதிலே சொல்லாமல் விட்டால் சீட் ரத்து.

அக்செப்ட் அண்ட் ஜாயின்: இது போதும், இங்கேயே சேர்கிறேன். கெடுவுக்குள் காலேஜுக்குப் போய்ச் சேர வேண்டும்.

அக்செப்ட் அண்ட் அப்வேர்ட்: இது என் கையில் இருக்கட்டும், மேல் வரிகளில் யாராவது விலகி இடம் காலியானால் கொடு. இதில் கட்டணம் டி.எஃப்.சி. (கவுன்சலிங் உதவி மையம்) வழியாகப் போகும், காலேஜுக்கு ஓட வேண்டாம். மேலே கிடைக்காவிட்டால் கையில் உள்ளது அப்படியே இருக்கும். கிடைத்துவிட்டால் பழையது தானாகவே அடுத்தவருக்குப் போய்விடும், திரும்பக் கேட்க முடியாது. ஆகவே இதை அமுக்கும் முன் லிஸ்ட்டில் மேலே உள்ள ஒவ்வொரு வரியும் இப்போது கிடைத்ததைவிட மேல்தானா என்று விரல் வைத்துப் படியுங்கள். லிஸ்ட்டை அலட்சியமாகப் போட்டவர்கள் இங்கேதான் அழுவார்கள். வீட்டுக்குப் பக்கத்தில் நல்ல சீட் கிடைத்திருக்கும், மேலே ஏனோதானோ என்று எழுதிய 14ஆவது வரி அதைப் பிடுங்கிக்கொண்டு போய்விடும்.

டிக்ளைன் அண்ட் அப்வேர்ட்: கிடைத்தது வேண்டாம், மேலே இருந்தால் கொடு. மேலே காலியாகாவிட்டால் கையில் ஒன்றுமில்லை. சீட்டை விட்டுக்கொடுத்தால் மேலே போக முன்னுரிமை கிடைக்கும் என்று ஒரு வதந்தி சுற்றுகிறது. கிடையாது. அப்வேர்டும் ரேங்க் வரிசையில்தான் நடக்கிறது.

அடுத்து, வேண்டாம் என்று அடுத்த சுற்றுக்குப் போவது. அங்கே முன் சுற்றுகளில் எடுத்தது போக மீந்த இடம்தான் இருக்கும். நீங்கள் கேட்கிற மாதிரிப் பிரிவுகளுக்கு அது நல்ல யோசனை இல்லை. கடைசியாக, மொத்தமாக விலகுவது.

உங்கள் நிலைமைக்கு, கிடைத்தது முதல் இரண்டு மூன்று வரிகளுக்குள் இருந்தால் ஜாயின். கீழே என்றால் அக்செப்ட் அண்ட் அப்வேர்ட்.

சான்றிதழ்ப்பை:

சாதிச் சான்றிதழ்: தமிழ்நாடு அரசு இ-சேவையில் தரும் பி.சி. சான்றிதழ்தான் வேண்டும். ஜே.இ.இ., நீட் போன்றவற்றுக்கு எடுக்கும் மத்திய அரசு ஓ.பி.சி. சான்றிதழ் வேறு. அதை மாற்றி அப்லோட் செய்துவிடுகிறார்கள். சரிபார்க்கும்போது தகுதியான சான்றிதழ் இல்லையென்றால் ஓ.சி.யில் வைத்துவிடுவார்கள், பி.சி. ரேங்க்கே வராது. ரேங்க் பட்டியல் வந்த அன்றே இதைப் பாருங்கள். குறை சொல்லச் சில நாள் தருவார்கள், அதற்குள் டி.எஃப்.சி.க்குப் போனால் திருத்தலாம். அதன் பிறகு கஷ்டம்.

முதல் பட்டதாரி சலுகை: உங்கள் டிப்ளமோ பட்டம் ஆகாது, பயப்படாதீர்கள். ஆனால் இன்னொரு அண்ணனோ அக்காவோ இப்போது இதே சலுகையில் படித்துக்கொண்டிருந்தால் தம்பிக்குக் கிடையாது. இ-சேவை சான்றிதழோடு, பெற்றோரும் மாணவரும் கையெழுத்திடும் கூட்டு உறுதிமொழிப் படிவமும் வேண்டும். இதைத்தான் முக்கால்வாசிப் பேர் மறப்பார்கள். சலுகை கல்விக் கட்டணத்துக்கு மட்டும், அதுவும் கவுன்சலிங்கில் சேர்ந்தால் மட்டும். மேனேஜ்மென்ட் கோட்டாவுக்கு இல்லை. ஹாஸ்டல், பஸ், "டிரெயினிங்" என்று காலேஜ் தனியாக வாங்குவது உங்கள் கையிலிருந்துதான். சேரும் முன்பே அதை எழுத்தில் கேளுங்கள்.

வருமானச் சான்றிதழும் எடுத்து வையுங்கள். ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குள் என்றால் ஏ.ஐ.சி.டி.ஈ. கல்விக் கட்டண விலக்கு இடங்களுக்கும் கேட்கலாம். ஒவ்வொரு பிரிவிலும் வழக்கமான சீட்டுக்கு மேல் கூடுதலாக 5% இதற்கென்று உண்டு.

இருப்பிடச் சான்றிதழ் 8 முதல் 12 வரை தமிழ்நாட்டிலேயே படித்தவர்களுக்குத் தேவையில்லை. இடையில் ஒரு வருஷம் வெளிமாநிலம் என்றாலும் தேவை. 6 முதல் 12 வரை முழுக்க அரசுப் பள்ளி என்றால் 7.5% ஒதுக்கீடு உண்டு, தலைமையாசிரியரிடம் சான்று வாங்குங்கள். அதில் சீட் கிடைத்தால் கல்விக் கட்டணத்தோடு ஹாஸ்டல் கட்டணமும் அரசே ஏற்கும். நீங்கள் பள்ளியைச் சொல்லவில்லை.

இனிஷியல், பிறந்த தேதி எல்லாச் சான்றிலும் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள்.

அந்த பிரவுசிங் சென்டர் சமாச்சாரம். மொபைல் எண் உங்களுடையதாக இருக்கட்டும், அவர்கள் எண்ணைக் கொடுக்கவே கூடாது. ஓ.டி.பி. யார் போனுக்கு வருகிறதோ அவர்தான் லிஸ்ட்டுக்குச் சொந்தக்காரர். சில காலேஜ்களுக்கு ஆள்பிடித்துக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். "உறுதியானதை மேலே போடுங்க" என்ற அறிவுரை சில சமயம் அங்கிருந்துதான் வரும். கம்ப்யூட்டர் இல்லையென்றால் டி.எஃப்.சி.யிலேயே உட்கார்ந்து போடலாம், காசு கிடையாது.

மருதாணிக்கொடி:

மிக்க நன்றி. தம்பி படித்தது அரசு உதவி பெறும் பள்ளி, அதனால் 7.5% வராது என்று நினைக்கிறேன். இன்னொன்று. பாதுகாப்புக்காகக் கடைசியில், மனசில்லாத சில காலேஜ்களையும் போட்டு வைக்கலாமா?

ரேண்டம்நம்பர்:

ஆமாம், உதவி பெறும் பள்ளிக்கு 7.5% இல்லை.

மனசில்லாதது இரண்டு வகை. "பிடிக்கலை, ஆனா வேற வழியில்லைனா சேருவான்" என்றால் போடுங்கள், அடியில். "சும்மா கிடைத்தாலும் போக மாட்டான்" என்றால் போடவே வேண்டாம். அந்தச் சீட் கிடைத்து நீங்கள் வேண்டாமென்றால் ஒதுக்கீடு ஒன்று வீணாகும், அவ்வளவுதான் பலன். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் தம்பியிடம் ஒரே கேள்வி: இது மட்டும்தான் கிடைத்தது, திங்கட்கிழமை பெட்டி கட்டுவியா?

லிஸ்ட்டை முதலில் பேப்பரில் பென்சிலால் எழுதுங்கள், காலேஜ் எண், பிரிவு, எஸ்.எஸ். உண்டா இல்லையா என்று மூன்று கட்டம் போட்டு. ஒரு நாள் கழித்து அடுத்தடுத்த இரண்டிரண்டு வரியாக எடுத்து "இதுவா அதுவா" என்று கேட்டு மேலும் கீழும் மாற்றுங்கள். பிறகு ஏற்றுங்கள். கடைசி நாள் சாயங்காலம் வரை வைத்திருக்க வேண்டாம், சைட் திணறும். லாக் செய்ததும் பி.டி.எஃப்.பை இறக்கி, பேப்பரோடு வரிக்கு வரி டிக் போட்டுப் பாருங்கள்.