மாரியின் காயம் ஆறும் வேகம் அத்தியாயத்துக்கு அத்தியாயம் மாறுது, எப்படிச் சரிசெய்ய?

பென்னாகரத்தாள்:
எல்லாருக்கும் வணக்கம். நான் எழுதிட்டு வர்ற தொடர்கதையில ஒரு சிக்கல், உதவி வேணும்.

கதாநாயகி மாரி, ஒகேனக்கல் பக்கம் ஊட்டமலையில பரிசல் ஓட்டுறவரோட மக. 14 வயசுல ஆத்துச் சுழியில மாட்டி மீண்டு வந்ததுலேருந்து அவளுக்கு எந்தக் காயமும் சீக்கிரம் ஆறிடும். இதுவரைக்கும் 22 அத்தியாயம் போட்டாச்சு.

3-ஆம் அத்தியாயத்துல மீன் அறுக்கறப்போ அருவாமணை விரலைக் கிழிச்சிடுது. சட்டியில எண்ணெய் காயறதுக்குள்ள தோல் மூடிக்குது. 9-ல பாறையில வழுக்கி வலது முன்னங்கை எலும்பு முறியுது, விடியறதுக்குள்ள கூடிடுது. 14-ல தொடையில கொடுவாள் வெட்டு. நாலு நாள் எழுந்திருக்க முடியாமக் கிடக்கிறா. அந்த நாலு நாள்லதான் தம்பியைத் தூக்கிட்டுப் போறாங்க. அது இல்லேன்னா மேற்கொண்டு கதையே இல்ல.

போன வாரம் ஒரு வாசகி கேட்டாங்க, "எலும்பே ஒரே ராத்திரியில கூடுனவளுக்கு வெட்டு ஆற நாலு நாளா?" பதில் சொல்ல முடியல. கதைக்கு நாலு நாள் தேவைப்பட்டுச்சு, எழுதிட்டேன், அவ்ளோதான் உண்மை. இப்ப எந்தக் காரணம் யோசிச்சாலும் சப்பைக்கட்டாவே தெரியுது. பழசைத் திருத்தறதா, இனிமே வர்றதுல விளக்கம் சொல்றதா?

காவேரிப்பட்டினம் வாசகன்:
அக்கா, முதல் அத்தியாயத்துலேருந்து படிக்கிறவன் நான். 14 எனக்கு அவ்வளவா உறுத்தல. 17-ல கண்ணாடிச் சில்லு மேல கால் வைக்க அவ தயங்குறா பாருங்க, அங்கதான் நின்னுட்டேன். நிமிஷத்துல ஆறிடும்னு தெரிஞ்சவ ஏன் தயங்கணும்? வலி நம்மள மாதிரியே அவளுக்கும் உண்டுன்னா அதை ஒரு இடத்துலயாவது எழுதியிருக்கணும். 22 அத்தியாயத்துலயும் ஒரு தடவைகூட அவ "வலிக்குது"ன்னு சொல்லல.

தொப்பூர் கணவாய்:
ரொம்ப யோசிக்காதீங்கம்மா. கோபத்துல இருந்தா வேகமா ஆறும், சோகத்துல இருந்தா மெதுவா ஆறும்னு ஒரு வரி சேர்த்துடுங்க. முடிஞ்சுது.

பென்னாகரத்தாள்:
அண்ணா, நானும் முதல்ல அதைத்தான் நினைச்சேன். ஆனா 9-ல கை முறியுறது அவ அப்பா செத்த அன்னிக்கு. அதுக்கு மேல என்ன சோகம் இருக்கு? அன்னிக்கு ஒரே ராத்திரியில ஆறியிருக்கே.

தம்பி, நீங்க சொன்னதைப் படிச்சிட்டு 17-ஐத் திரும்பப் பார்த்தேன். சரிதான். குறிச்சு வெச்சிருக்கேன்.

கிருஷ்ணகிரி செவிலி:
நான் அறுவை சிகிச்சை வார்டுல வேலை பார்க்கிறேன். உங்க கதை படிச்சதில்ல, இந்த இழையைப் பார்த்ததும் மனசு கேக்கல.

முதல்ல ஒரு கணக்குப் போடுங்க. முன்னங்கை எலும்பு சாதாரணமா கூட 6 வாரம், அதுக்கு மேலயும் ஆகும். 6 வாரம்னா 1008 மணி நேரம். மாரிக்கு அது 10 மணி நேரம்னா, நம்மள விட சுமார் 100 மடங்கு வேகம். இதை மாத்தாதீங்க. விரல்ல மேலோட்டமான கிழிசலுக்கு 5 நாள் வெச்சுக்குங்க, 100-ஆல வகுத்தா ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல. அதனால எண்ணெய் காயறதுக்குள்ள ரத்தம் நிக்கலாம், தோல் மூடாது. மீனை வறுத்துச் சாப்பிட்டு எழுந்திருக்கும்போது மூடியிருக்கட்டும். கால்ல போட்ட தையலை நாங்க 10-லேருந்து 14 நாள்ல பிரிப்போம். அதே கணக்குல தொடை வெட்டு ரெண்டரையிலேருந்து மூணரை மணி நேரம். தசை வரைக்கும் ஆழமா இறங்கியிருந்தா இன்னும் கொஞ்சம் கூட.

ஆக வாசகி கேட்டது நியாயம். ஆனா உங்க நாலு நாளும் நியாயம்தான். காயம் மூடிக்கும், கீழ போன ரத்தம் எங்கிருந்து திரும்பும்? தொடையில பெரிய ரத்தக்குழாய் ஓடுது. ஒன்றரை லிட்டர் போயிருந்தா ஒரு பெண்ணால எழுந்து நிக்க முடியாது, உயிருக்கே ஆபத்து. ரத்த தானத்துல வெறும் 350 மில்லி எடுத்தாலே பெண்களுக்கு அடுத்த தடவைக்கு 4 மாசம் இடைவெளி சொல்றோம்.

பென்னாகரத்தாள்:
அக்கா, படிச்சதும் அழுகையே வந்துடுச்சு. ஒரு சந்தேகம். எலும்பு மஜ்ஜையும் 100 மடங்கு வேகமா வேலை செஞ்சா ரத்தமும் ஊறிடாதா?

கிருஷ்ணகிரி செவிலி:
மஜ்ஜை எவ்வளவு வேகமா ஓடினாலும் இரும்பை அதால உண்டாக்க முடியாதும்மா. ஒரு லிட்டர் ரத்தத்துல 400, 500 மில்லிகிராம் இரும்பு இருக்கு. சாப்பாட்டுலேருந்து ஒரு நாளைக்கு உடம்புல சேர்றது 1, 2 மில்லிகிராம். சேமிப்பும் நம்ம ஊர்ப் பெண்களுக்குக் கம்மி. தண்ணி, கஞ்சி குடிச்சு ரெண்டு மூணு நாள்ல ரத்தத்தோட நீர் அளவு ஏறிடும், அதனால நாலாம் நாள் எழுந்து நிப்பா. ஆனா 15-லேருந்து அவளுக்கு மூச்சு வாங்கணும். துடுப்பு போட்டா நெஞ்சு படபடக்கணும். வாரக்கணக்குல.

இதையே சட்டமா வெச்சுக்குங்க: அவ உடம்பு வேலையைத்தான் வேகமாச் செய்யும், இல்லாத பொருளைக் கொண்டுவராது. அப்படின்னா காயம் பட்டா அகோரப் பசி எடுக்கணும். களி உருண்டையா உள்ள போகணும்.

இன்னொண்ணு கேக்கணும். 9-ல அந்த எலும்பை யார் நேராக்கி வெச்சுக் கட்டினது?

பென்னாகரத்தாள்:
யாரும் இல்ல. எழவு வீடு. ராத்திரி பூரா அவளை யாரும் கவனிக்கல, அப்படித்தான் எழுதியிருக்கேன்.

கிருஷ்ணகிரி செவிலி:
அப்ப கோணலாத்தான் கூடியிருக்கும். நமக்காவது சேர்றதுக்கு முந்தி சரிபண்ண நாள் இருக்கு, அவளுக்கு அதுவும் இல்ல. முன்னங்கை கோணலாக் கூடினா உள்ளங்கையை முழுசா மேல திருப்ப வராது. துடுப்புப் போட்டுடுவா. கோயில்ல திருநீறு வாங்கக் கை நீட்டினா சரிஞ்சு நிக்கும்.

காவேரிப்பட்டினம் வாசகன்:
அப்பா செத்த ராத்திரி அவ கையில இருக்குன்னு ஆயிடுச்சு. அக்கா, இதை விட்டுடாதீங்க.

கம்மல் ஓட்டை மட்டும் எப்படி மூடாம இருக்குது?

கிருஷ்ணகிரி செவிலி:
சின்ன வயசுல குத்தினது. ஓட்டைக்குள்ள சுத்தியும் எப்பவோ தோல் வந்தாச்சு. அது ஆறிப்போன இடம், இனிமே ஆறுறதுக்கு அங்க ஒண்ணும் இல்ல.

தகடூர்த் தமிழாசிரியர்:
தாமதமாக வருகிறேன். புறநானூறு 281-ஆம் பாட்டை ஒருமுறை படித்துப் பாருங்கள் அம்மா. பாடியவர் அரிசில்கிழார். நம் தகடூரை, அதாவது இன்றைய தருமபுரியை, வென்ற சேர மன்னன் பெருஞ்சேரல் இரும்பொறையைப் பாடிய அதே புலவர். போரில் புண்பட்டுக் கிடப்பவனைக் காக்கப் பெண்கள் ஒருவரையொருவர் அழைக்கிறார்கள். வீட்டில் இரவ மரத் தழையும் வேப்பிலையும் செருகி, யாழ் ஒலிக்க, ஐயவி என்னும் வெண்கடுகு தூவி, ஆம்பல் குழல் ஊதி, காஞ்சிப் பண் பாடி, நறுமணப் புகை எழுப்பி, வாருங்கள் தோழி, அவன் புண்ணைக் காப்போம் என்கிறார்கள். புண் தெரிந்தால்தான் ஊர் கூடும்.

மாரிக்கு மூன்றரை மணி நேரத்தில் தோல் மூடிவிடுகிறது. வெட்டியதற்கு அடையாளம் இல்லை. பார்க்க வந்தவர்கள் என்ன செய்வார்கள்? நன்றாகத்தானே இருக்கிறாள் என்று அவரவர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். தம்பியைத் தூக்க வந்தவர்களுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

கிருஷ்ணகிரி செவிலி:
ஐயா சொல்றது எங்க வார்டுலயும் நடக்குது. வெளிக்காயம் இல்லாதவங்களை உறவுக்காரங்க சீக்கிரம் தனியா விட்டுட்டுப் போயிடுவாங்க. போலீஸுக்குப் போனாலும் மாரிக்குக் காயச் சான்றிதழ் கிடைக்காது. எதைக் காட்டுவா?

பென்னாகரத்தாள்:
ரெண்டு நாளா உக்காந்து திருத்திட்டேன். 3-ல ரெண்டு வரி. 12, 19-ல கை. 17-ல வலி. 15-லேருந்து மூச்சு வாங்கல். 14-ல மட்டும் ஒரு பத்தி புதுசு, பார்த்துச் சொல்லுங்க:

"சாயங்காலம் புடவையை விலக்கிப் பார்த்த பெரியம்மா தொடையைத் தடவினாள். கோடுகூட இல்லை. 'நல்லாத்தானடி இருக்கே' என்று எழுந்து போனாள். அவள் பின்னாலேயே மற்றவர்களும் போனார்கள். 'போகாதீங்க' என்று சொல்ல மாரிக்கு வாய் வரவில்லை. கை கால் சில்லிட்டிருந்தது. நாடி மெல்ல மெல்ல அடித்தது. திண்ணையில் தம்பி தனியாக கோலி விளையாடும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது."

கிருஷ்ணகிரி செவிலி:
நாடி மட்டும் தப்பு. அவ்வளவு ரத்தம் போனவங்களுக்கு நாடி மெதுவா அடிக்காது. வேகமா அடிக்கும், ஆனா விரலுக்கு நூல் மாதிரிதான் தட்டுப்படும்.

பென்னாகரத்தாள்:
மாத்திட்டேன் அக்கா. "நாடி நூலாய் ஓடியது."