பிடி அரிசி

கடலூர் முதுநகரிலிருந்து ஒரு சகோதரி:

உலை வைப்பதற்கு முன், அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்து அடுப்பங்கரை மூலையில் இருக்கும் தகர டப்பாவில் போடுவார் அம்மா. அப்போது உதடு மட்டும் அசையும். ஞாயிற்றுக்கிழமை அந்த அரிசி துணிப்பையில் ஆலயத்துக்குப் போகும். அப்பாவுக்கு வேலை இல்லாத மாதங்களிலும் அந்தப் பிடி குறைந்ததில்லை. எனக்குக் கோபம் வரும். நமக்கே பற்றவில்லையே என்பேன். பைபிளில் எலியா தீர்க்கதரிசிக்கு உணவளித்த சாறிபாத் ஊர் விதவையின் பானையில் இருந்ததும் ஒரு பிடி மாவுதான் என்பார். அதற்கு மேல் பேச மாட்டார்.

2011 டிசம்பர் 30 விடியற்காலை தானே புயல் எங்கள் ஊரைப் புரட்டிப் போட்டது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. மின்சாரம் இல்லை, கடைகள் திறக்கவில்லை. ஆலயத்தில் சேர்ந்திருந்த பிடி அரிசியை எடுத்து, வளாகத்திலேயே அடுப்பு மூட்டிக் கஞ்சி காய்ச்சினார்கள். எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் சோனாங்குப்பத்து அக்காவும் தூக்குவாளியோடு வந்து வாங்கிப் போனார்.

2020 ஊரடங்கின்போது மாத்திரை கொடுக்க அந்த அக்கா வீட்டுக்குப் போனேன். அங்காளம்மன் படத்துக்குக் கீழே, மூடி போட்ட சிறு பானை. புயலுக்குப் பிறகு, அந்தக் கஞ்சிக்கு அரிசி எப்படி வந்தது என்று அம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாராம். அன்று முதல் அவரும் தினம் ஒரு பிடி எடுத்து வைக்கிறார். படகுகள் கடலுக்குப் போகாத அந்த நாட்களில் பக்கத்து வீட்டு மூதாட்டிக்கு அதிலிருந்துதான் சோறு. அக்கா மதம் மாறவில்லை. மாறச் சொல்லி அம்மா ஒரு வார்த்தை பேசியதும் இல்லை. ஆனால் அம்மாவின் ஜெபம் அந்தப் பானைக்குள் இருக்கிறது என்றே நான் நம்புகிறேன்.

புதுச்சேரியிலிருந்து ஒரு சகோதரர்:

சகோதரி, உங்கள் அம்மாவுக்கு என் வணக்கம். ஜிப்மரில் என் தந்தை படுத்திருந்தபோது அவரைக் கவனித்துக்கொண்ட செவிலியர் மிசோரம் மாநிலத்தவர். ஓர் இரவு அவருடைய ஊர்ப் பேச்சு வந்தது. அங்கே சபைப் பெண்கள் நூறு ஆண்டுகளுக்கும் மேலாக, சமைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை ஒதுக்கி வைக்கிறார்கள். சேர்ந்த அரிசியை விற்ற பணம் சபையின் ஊழியங்களுக்குப் போகிறது. என் பாட்டியும் அப்படித்தான் செய்தார் என்று சொல்ல நினைத்தேன். அவருக்குத் தமிழ் கொஞ்சம்தான் தெரியும், எனக்கு மிசோ சுத்தமாகத் தெரியாது. எவ்வளவு அரிசி என்று காட்ட அவர் கையை மூடிக் காட்டினார். நானும் பாட்டியின் அளவுக்கு என் கையை மூடி, அவர் கைக்குப் பக்கத்தில் வைத்தேன்.