தம்பியின் கிட்னி: ஆன்டிபாடி ரிஜெக்‌ஷனுக்குப் பிறகு உங்கள் அனுபவம் வேண்டும்

வணக்கம். தம்பிக்கு அம்மா கிட்னி கொடுத்து நாலு வருஷம் ஆகிறது. நைட் ஷிஃப்ட் போன நாட்களில் டாக்ரோலிமஸை (மாற்றிய கிட்னியை உடல் நிராகரிக்காமல் தடுக்கும் மருந்து) நேரத்துக்குப் போடாமல் விட்டிருக்கிறான். அதை இப்போதுதான் சொல்கிறான். கிட்னி தளர்ந்தால் ரத்தத்தில் ஏறும் கிரியேட்டினின் 1.3-இலிருந்து 2.6-க்கு ஏறியது. பயாப்ஸியில் ஆன்டிபாடி வழி ரிஜெக்‌ஷன், அதாவது உடலின் எதிர்ப்புப் புரதங்கள் அந்தக் கிட்னியைத் தாக்குவது; அதன் அடையாளமான சி4டியும் பாசிட்டிவ். அந்த ஆன்டிபாடிகளை நீக்க ஐந்து முறை பிளாஸ்மா மாற்றினார்கள், நரம்பு வழி ஏற்றும் ஐவிஐஜி மருந்தும் போட்டார்கள்.

இப்போது 1.9-இல் நிற்கிறது. அம்மாவின் திசுவுக்கு எதிரான ஆன்டிபாடி, அதாவது டிஎஸ்ஏ, 9000-இலிருந்து 5200-க்கு வந்திருக்கிறது. இறங்கியதே தவிர போகவில்லை. "என் கிட்னிதானே, என்கிட்டயே கோவிச்சுக்கிச்சா?" என்று அம்மா கேட்டுவிட்டுச் சிறுநீர் அளவை நோட்டில் எழுதப் போய்விடுகிறார்.

இனி எத்தனை வருஷம் ஓடும்? சிறுநீரில் புரதம், ஈஜிஎஃப்ஆர் (கிட்னி வடிகட்டும் திறன்), டிஎஸ்ஏ அளவு, பயாப்ஸியில் தழும்பு, எல்லாவற்றையும் சேர்த்துத்தான் சொல்ல முடியும் என்கிறார் டாக்டர். தழும்பு குறைவு என்பதுதான் எங்களுக்கு இருக்கும் ஒரே தெம்பு. இவற்றை வைத்துக் கணிக்கும் ஐபாக்ஸ் என்ற ஸ்கோர் பாரிஸ் குழுவினர் உருவாக்கியதாம். உங்களில் யாருக்காவது டாக்டர் அதைப் போட்டுப் பார்த்தாரா?

இதே சிகிச்சை எடுத்தவர்கள் சொல்லுங்கள்: டிஎஸ்ஏ பிறகு இறங்கியதா? மறுபடி பயாப்ஸி எப்போது எடுத்தார்கள்? புரதம் எவ்வளவு?

மூலிகை, கஷாயம் மட்டும் தயவுசெய்து வேண்டாம். ஏற்கெனவே சொந்தக்காரர்கள் போதும்.