பழைய காசுப் போட்டி: விதிகள் போதுமா, போட்டியே வேண்டாமா?

வயல்வெளியான்:

வணக்கம் நண்பர்களே. இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்தில் கோதுமை அறுவடை முடிந்து தாள் மட்டும் நிற்கும் இரண்டு வயல்களில், அடுத்த விதைப்புக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் தேடிக்கொள்ள நிலத்துக்காரர் எழுத்து மூலம் அனுமதி கொடுத்திருக்கிறார். கிடைப்பதில் பாதி அவருக்கு, பாதி எடுத்தவருக்கு என்பதும் அந்த அனுமதிக் கடிதத்திலேயே இருக்கிறது. வழக்கம்போல ஆளுக்கொரு மூலையில் உலோகம் கண்டறியும் கருவியைச் சுமந்து திரிந்துவிட்டுக் கலைவதற்குப் பதிலாக, மாலை நான்கு மணிக்குள் மிகப் பழைய காசை எடுத்தவருக்கு ஒரு சிறு பரிசு என்று இம்முறை ஒரு நட்புப் போட்டி வைக்கலாமா? பரிசு ஓர் எஃகு மண்வாரி மட்டுமே. நுழைவுக் கட்டணம் இல்லை. விதிகளை இங்கேயே பேசி முடிவு செய்வோம்.

காசுநோக்கி:

எனக்கு முழு உடன்பாடு. புதிதாக வருபவர்களுக்காக, அந்த மண்ணில் எதை எதிர்பார்க்கலாம் என்று சொல்லிவிடுகிறேன். காலையில் எல்லோருடைய பையிலும் விக்டோரியா காலத்துப் பென்னிகளும் ஈயக் குண்டுகளும்தான் சேரும். அதிர்ஷ்டம் இருந்தால் சுத்தியலால் அடித்துச் செய்த இடைக்கால வெள்ளிப் பென்னி ஒன்று வரும். சில்லறைக்காக அதைப் பின்புறச் சிலுவைக் கோட்டின் வழியே இரண்டாகவோ நான்காகவோ வெட்டிப் புழங்கிய துண்டுகளும் வரும். இவை மிக மெல்லியவை என்பதால் கருவியின் திரையில் சிகரெட் பெட்டியின் ஈயத்தாள் காட்டுகிற எண்ணையே ஏறக்குறைய காட்டும்; குப்பை ஒலியை ஒதுக்கும் அமைப்பை உயர்த்தி வைத்திருப்பவர் அதன் மேலேயே நடந்து போய்விடுவார். ரோமக் காசுகளில் பெரும்பாலானவை 3, 4ஆம் நூற்றாண்டுகளின் சின்னஞ்சிறு செப்புக் காசுகள்.

ஆனால் கென்ட்டில் பரிசைத் தட்டிச் செல்லக்கூடியது ரோமருக்கு முந்தைய வார்ப்புக் காசு. வெள்ளீயம் மிகுந்த வெண்கலத்தை அச்சில் ஊற்றி வரிசையாக வார்த்து, பிறகு ஒவ்வொன்றாக வெட்டிப் பிரித்திருக்கிறார்கள். விளிம்பின் எதிரெதிர்ப் பக்கங்களில் அந்த வெட்டுத் தழும்பு இன்றும் தெரியும். அவற்றுள் முந்தைய வகையில் ஒரு பக்கம் அப்போலோவின் தலை, மறுபக்கம் முட்ட வரும் காளை, காலம் கி.மு. 2ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி. அதைவிடப் பழையது வேண்டுமென்றால், கடல் கடந்து ‘கால்’ (Gaul, இன்றைய பிரான்சும் அதை ஒட்டிய பகுதியும்) நாட்டிலிருந்து வந்த தங்கக் காசுதான். அது கிடைத்தவர் மண்வாரியைக் கேட்கமாட்டார்.

தொல்மண்:

போட்டியை நான் எதிர்க்கிறேன், நட்புப் போட்டி என்றாலும்கூட. கருவியோடு வயலில் நடப்பதை நான் எதிர்க்கவில்லை, நானும் நடப்பவன்தான். பழமைக்குப் பரிசு, அதுவும் மணிக்கணக்கு வைத்துப் பரிசு என்பதைத்தான் எதிர்க்கிறேன்.

2010இல் சாமர்செட் மாவட்டத்தின் ஃப்ரோம் நகருக்கு அருகே டேவ் கிரிஸ்ப் என்பவர் ஒரு வயலில் தோண்டியபோது, கையில் வந்தது தனிக் காசு அன்று, ஒரு பானை என்று தெரிந்ததும் தோண்டுவதை நிறுத்திக் குழியை மூடிவிட்டுத் தகவல் கொடுத்தார். தொல்லியலாளர்கள் பானையின் உள்ளே இருந்த காசுகளை அடுக்கடுக்காகப் பிரித்து எடுத்தார்கள். மொத்தம் 52,503 ரோமக் காசுகள், ஏறத்தாழ 160 கிலோ எடை. அடுக்கு வாரியாக எடுத்ததால்தான் ஒரு செய்தி வெளிப்பட்டது: காலத்தால் கடைசியான, பிரிட்டனை ஆண்ட ரோமப் பேரரசர் கரவுசியசின் காசுகள் மேலே இல்லாமல் பானையின் நடுவுக்குக் கீழேயே பெரும்பாலும் கிடந்தன. ஆகவே அது ஆண்டுக்கணக்கில் சிறுகச் சிறுகச் சேர்த்த உண்டியல் அன்று; ஒரே தடவையில் கொட்டி நிரப்பப்பட்டது. அவர் கை நிறைய அள்ளி மேசையில் பரப்பியிருந்தால் இந்தச் செய்தி அத்துடன் அழிந்திருக்கும். நான் கேட்பது இதுதான்: மாலை மூன்றரை மணிக்கு, இன்னும் அரை மணி நேரமே இருக்கும்போது, நம் போட்டியாளர்களில் எத்தனை பேர் அப்படி நிறுத்துவார்கள்?

வயல்வெளியான்:

தொல்மண் அண்ணா, உங்கள் அச்சத்தை மதிக்கிறேன். ஆனால் ஃப்ரோம் பானை உழவுக்குக் கீழே இருந்தது. நாங்கள் தேடப்போவது உழுத மண். தலைமுறை தலைமுறையாக ஏர் புரட்டிய அந்த மேல் மண்ணில் எந்தக் காசும் விழுந்த இடத்தில் இல்லை. ஒவ்வோர் ஆண்டும் கலப்பை அதை இழுத்துச் செல்கிறது, வளைக்கிறது, உடைக்கிறது, உரத்திலுள்ள உப்புகள் அதை அரிக்கின்றன. மண்ணில் விட்டுவைப்பதைப் பாதுகாப்பு என்று சொல்ல முடியாது. இங்கிலாந்துக்கும் வேல்சுக்குமான பொறுப்பான தேடலுக்குரிய நடைமுறைக் குறிப்புகளும் உழவு மண்ணுக்குள்ளேயே நில்லுங்கள் என்றுதான் சொல்கின்றன. ஆகையால் ஒவ்வொருவரின் மண்வாரியிலும் 25 சென்டிமீட்டரில் வண்ண நாடா ஒட்டுவோம். அதைத் தாண்டித் தோண்டியவர் போட்டியிலிருந்து விலக்கப்படுவார். பானை ஓடோ கொத்துக் காசோ தென்பட்டால் அந்த இடத்தில் கொடி நட்டு விட்டு என்னை அழைக்க வேண்டும். அப்படி அழைத்தவருக்கு, காசு எந்தக் காலத்தது என்றாலும், பரிசு அவருக்கே. இப்போது மூன்றரை மணிக்கு நிறுத்துபவருக்கு இழப்பு ஏது?

தொல்மண்:

நல்ல விதி, மறுக்கமாட்டேன். ஆனால் சட்டத்தையும் பாருங்கள். 1996ஆம் ஆண்டின் புதையல் சட்டத்தின்படி, வயலில் கிடைக்கும் ஒற்றைக் காசு பொதுவாகப் புதையல் ஆகாது. 300 ஆண்டுகளுக்கு மேற்பட்ட தங்க, வெள்ளிக் காசுகள் இரண்டோ அதற்கு மேலோ, செப்புக் காசுகள் என்றால் பத்தோ அதற்கு மேலோ, ஒரே கண்டெடுப்பைச் சேர்ந்தவையாக இருந்தால் அது புதையல். 14 நாட்களுக்குள் கொரோனர் எனப்படும் விசாரணை அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் சிறைத் தண்டனைகூட உண்டு.

சிக்கல் அந்த ‘ஒரே கண்டெடுப்பு’ என்பதில்தான். கலப்பை சிதறடித்த ஒரு முடிப்பின் வெள்ளிக் காசுகள் முப்பது அடி இடைவெளியில் கிடக்கலாம். ஒன்றை நீங்கள் எடுக்கிறீர்கள், இன்னொன்றைக் காசுநோக்கி எடுக்கிறார். சாதாரண நாளில் இருவரும் உடனே கூவிக் கூப்பிட்டுக் கையில் இருப்பதை ஒப்பிட்டிருப்பீர்கள். போட்டி நாளில் நல்ல இடம் கிடைத்தவர் வாயைத் திறப்பாரா? பையில் போட்டுக்கொண்டு, ஒன்றும் தெரியாதவர் போல அதே மூன்று சதுர அடியைச் சுற்றிச் சுற்றி வருவார். இரண்டும் சேர்ந்தவை என்று அறியவேண்டிய நேரத்தில் நாமே அதை மறைத்திருப்போம். மறைப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு லெம்ஸ்டர் வழக்கே போதும்: 2015இல் அங்கே எடுக்கப்பட்ட வைக்கிங் காலத்துப் புதையலில் ஏறத்தாழ 300 காசுகள் இருந்திருக்கலாம் என்று மதிப்பிட்டார்கள், வழக்கு 2019இல் முடிந்தபோது மீட்கப்பட்டிருந்தவை அவற்றில் ஒரு சிறு பகுதியே. அன்றைய இங்கிலாந்தின் இரு நாடுகளான வெசெக்சின் அரசர் ஆல்ஃபிரெடும் மெர்சியாவின் அரசர் இரண்டாம் செயோல்வுல்ஃபும் அருகருகே அமர்ந்திருப்பது போன்ற அரிய காசுகள் அதில் இருந்தன. ஆல்ஃபிரெடு தன் கூட்டாளியை வரலாற்றிலிருந்து எவ்வளவு ஓரங்கட்டினார் என்று கேட்க வைத்த காசுகள் அவை. அங்கே நடந்தது திருட்டு, நம் குழுவில் அப்படி யாரும் இல்லை என்பதை அறிவேன். ஆனால் வாயை மூடிக்கொள்ளும் பழக்கத்துக்கு நாம் ஏன் பரிசு வைக்க வேண்டும்?

கரூரான்:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். இவ்வளவு சட்டம் பேசுவதற்குப் பதிலாக, ஊருக்கு வரும்போது கரூரில் அமராவதி ஆற்று மணலில் இந்தப் போட்டியை நடத்தினால் என்ன? சேரர் காசும் ரோமக் காசும் அங்கேயே கிடைத்திருக்கின்றனவே.

தொல்மண்:

கிடைத்திருக்கின்றன, அதனால்தான் கூடாது. 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதை மண்ணிலிருந்து எடுத்தாலும் கலெக்டரிடம் தெரிவிக்க வேண்டும். இங்கிலாந்தில் இருப்பதுபோல ஒற்றைக் காசைப் பதிந்துகொண்டு கையிலேயே திருப்பித் தரும் ஏற்பாடு அங்கே இல்லை. கருவியோடு ஆற்றில் இறங்கிவிட்டுப் பிறகு நட்புப் போட்டி என்று விளக்கம் சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள்.

தேன்மொழி:

நான் காசுகளை அடையாளம் காண்பவள், தோண்டுபவள் அல்லள். அறம் குறித்த விவாதத்தை உங்களிடமே விட்டுவிட்டு, ‘மிகப் பழைய காசு’ என்பதை எப்படி முடிவு செய்யப்போகிறீர்கள் என்று கேட்கிறேன். இங்கிலாந்தில் ஆண்டு பொறித்த காசு 16ஆம் நூற்றாண்டின் நடுவில்தான் தொடங்குகிறது. அதற்கு முந்தைய எதற்கும் ஆட்சியாளர், வகை, எழுத்து, தேய்மானம் ஆகியவற்றைக் கொண்டுதான் காலம் கணிக்க வேண்டும். மாலை நான்கு மணிக்கு மண் ஒட்டிய நிலையில் அதைச் செய்ய முடியாது. செய்ய முயன்றால் யாராவது கட்டை விரலால் தேய்ப்பார்கள். பச்சைக் களிம்பின் மேல் தோலில்தான் பல செப்புக் காசுகளின் உருவம் நிற்கிறது. அது உதிர்ந்தால் கீழே வெறும் வில்லைதான்.

இன்னொன்று. காசு அடிக்கப்பட்ட காலம் வேறு, தொலைந்த காலம் வேறு. மார்க் ஆன்டனி கி.மு. 32–31இல் தன் படைகளுக்காக அடித்த வெள்ளி டெனாரியஸ் காசுகளில் வெள்ளி குறைவு. உருக்குவதில் லாபம் இல்லை என்று மக்கள் விட்டுவைத்ததால் அவை இரு நூற்றாண்டுகளுக்கும் மேல் கைமாறிக்கொண்டே இருந்தன. ரோமர்கள் பிரிட்டனைக் கைப்பற்றியதே கி.பி. 43இல். அத்தகைய தேய்ந்த காசு ஒன்று உங்கள் வயலில் கிடைத்தால், அது கிளியோபாட்ராவின் காலத்துக்காரர் போட்டது அன்று, கி.பி. 150இல் சந்தைக்குப் போன ஒருவர் தவறவிட்டதாக இருக்கலாம். உங்கள் போட்டியில் அதற்குப் பரிசு உண்டா?

காசுநோக்கி:

தேன்மொழி அம்மா, ஆன்டனியின் காசு கிடைத்தால் கி.மு. 32 என்றே கணக்கில் எழுதுங்கள். காசின் வயதுதான் போட்டி. அதைத் தொலைத்தவரின் வயதன்று. இவ்வளவு நுணுக்கம் பார்த்தால் எந்தப் போட்டியும் நடக்காது. வேண்டுமானால் அமெரிக்கக் குழுக்கள் செய்வது போலச் செய்யலாம்: எண்ணிட்ட வில்லைகளை முன்கூட்டியே வயலில் புதைத்து வைத்து, அவற்றை எடுப்பவருக்குப் பரிசு. தொல்மண்ணுக்கு அது பிடிக்கும்.

தொல்மண்:

உண்மையாகவே பிடிக்கும். வில்லையில் வரலாறு எதுவும் இல்லை, அதனால் அவசரமும் ஆபத்தில்லை. ஆனால் வில்லைக்காக யாரும் கென்ட் வரை வண்டி ஓட்டி வரமாட்டார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

ஆகவே போட்டி நடந்தே தீரும் என்றால், அளவுகோலை மாற்றுங்கள். 1997இல் சோதனையாகத் தொடங்கி 2003இல் இங்கிலாந்து, வேல்சு முழுவதற்கும் விரிந்த கண்டெடுப்புப் பதிவுத் திட்டத்தில் ஒற்றைக் காசுகள் இலட்சக்கணக்கில் பதிவாகியிருக்கின்றன. எந்த ஊர்ச் சந்தை எப்போது செழித்தது, எங்கே ரோமக் காசு திடீரென்று நின்றது என்பதை ஆய்வாளர்கள் அவற்றிலிருந்துதான் வரைகிறார்கள். அதற்குத் தேவை அழகான காசு அன்று, சரியான இடம். எழுத்தே தெரியாத தேய்ந்த ரோமச் செப்பும் இடக் குறிப்போடு இருந்தால் பயன்படும். இடம் தெரியாத தங்கம் நகைக்கடைச் சரக்குதான். பழமைக்கு மட்டும் பரிசு வைத்தால் அந்தத் தேய்ந்த செப்புகள் பழைய இரும்பு ஆணிகளோடு சேர்ந்து குப்பைப் பையில் போய்விடும். போன ஆண்டு வேறொரு குழுவின் கூட்டத்தில் அப்படிப் போனதை நானே பார்த்தேன்.

வயல்வெளியான்:

இதுவரை வந்தவற்றைத் தொகுத்து விதியாக எழுதுகிறேன். மறுப்பு இருந்தால் சொல்லுங்கள். எடுத்த ஒவ்வொரு காசையும் தனித்தனி உறையில் போட்டு, கைப்பேசியில் தெரியும் இடக் குறியீட்டைப் பத்து மீட்டர் துல்லியத்துக்கு அந்த உறையிலேயே எழுத வேண்டும். குறியீடு இல்லாத காசு எவ்வளவு பழையதானாலும் போட்டியில் சேராது. வெள்ளியோ தங்கமோ கிடைத்தால் அங்கேயே உரக்கச் சொல்ல வேண்டும். யாரும் காசைக் கழுவவோ தேய்க்கவோ கூடாது. முடிவு அன்று மாலை அறிவிக்கப்படாது. உறைகள் அனைத்தும் அந்தப் பதிவுத் திட்டத்தின் மாவட்டக் கண்டெடுப்புத் தொடர்பு அலுவலரிடம் போய், அவர் அடையாளம் சொல்லித் திரும்பிய பிறகே பரிசு. இதனால் வீட்டிலிருந்து கொண்டுவந்த காசைக் குழியில் போட்டு எடுக்கும் தந்திரமும் ஓரளவு அடைபடும், ஏனென்றால் பொய்யான இடத்தைத் தேசியப் பதிவில் ஏற்றும் துணிச்சல் நம்மில் யாருக்கும் இருக்காது என்று நம்புகிறேன். கிழக்கு வயலின் ஓரத்தில் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்ன எல்லை எதுவும் வருகிறதா என்று வரைபடத்தில் பார்க்கிறேன். 1979ஆம் ஆண்டுச் சட்டப்படி அதற்குள் அனுமதியின்றிக் கருவியை இயக்குவதே குற்றம்.

தொல்மண்:

இந்த விதிகளோடு என்றால் குறுக்கே நிற்கமாட்டேன். ஆனால் போட்டியில் நான் பெயர் கொடுக்கவில்லை. பதிவு மேசையில் உட்கார ஆள் வேண்டுமானால் வருகிறேன்.

தேன்மொழி:

ஒரு விதி விட்டுப்போயிருக்கிறது. கென்ட்டில் வட ஆப்பிரிக்காவின் பழைய கார்த்தேஜ் நகரத்தின் கி.மு. 300ஐ ஒட்டிய செப்புக் காசுகள் கணிசமாகக் கிடைத்திருக்கின்றன. பழைய கடல் வணிகத்தில் வந்தவை என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். பிற்காலத்தில் மத்தியதரைக் கடல் பக்கம் போய் வந்தவர்களின் சேகரிப்பிலிருந்து தவறியவை என்று மறு சாரார் சொல்கிறார்கள். அப்படி ஒன்று கிடைத்தால், காசுநோக்கி ஐயாவின் கணக்குப்படி அது எல்லாவற்றையும் வென்றுவிடும். பிரிட்டனுக்குள் எப்போது வந்தது என்றே தெரியாத காசுக்குப் பரிசு கொடுக்கக் கூடாது என்பது என் கருத்து.

காசுநோக்கி:

கொடுக்கத்தான் வேண்டும். அது எப்படி வந்தது என்ற வழக்கைத் தீர்ப்பதற்கே இன்னும் பல இடக் குறிப்புகள் தேவை. அதை எடுத்து ஒழுங்காக உறையில் போட்டவரை, ஆய்வாளர்கள் இன்னும் முடிவுக்கு வரவில்லை என்பதற்காக நாம் தண்டிப்பதா?

வயல்வெளியான்:

இந்த ஒன்றை மட்டும் வாக்கெடுப்புக்கு விடுகிறேன். வெள்ளிக்கிழமை இரவு வரை வாக்களிக்கலாம். தொல்மண் அண்ணா, மேசையும் குடையும் என்னிடம் இருக்கின்றன. எடை பார்க்கும் சிறு தராசை மட்டும் நீங்கள் கொண்டுவாருங்கள்.