நாமினல் மாறிக்கு ‘பெயரளவு’ வேண்டாம், ‘பெயர்வகை’ என்போம்

வணக்கம்.

> நாமினலுக்குப் ‘பெயரளவு மாறி’ என்றே வைத்துக்கொள்ளலாமே? பாடநூல்களில் பழகிய சொல்தானே?

பழகிய சொல்தான் ஐயா, ஆனாலும் எனக்கு ஒப்பவில்லை. மேல் கீழ் என்ற வரிசை இல்லாமல் வெறும் பெயரால் மட்டும் பிரியும் மாறிதானே நாமினல் (nominal). ‘பெயரளவுக்கு ஒரு கூட்டம் நடந்தது’ என்றால் ஒப்புக்கு நடந்தது என்றுதான் பொருள். மதம், தாய்மொழி, திருமண நிலை எல்லாம் சமூக ஆய்வில் ஒப்புக்கு இருப்பவையா? அதைவிடப் பெரிய சிக்கல் உள்ளே இருக்கும் ‘அளவு’. இங்கே அளவே கிடையாது. படிவத்தில் இந்துவுக்கு 1, இசுலாமியருக்கு 2, கிறித்தவருக்கு 3 என்று போட்டால், எண் வடிவில் இருந்தாலும் அவை பெயர்கள்தான். சராசரி கேட்டால் மென்பொருள் தயங்காமல் 1.7 என்று கொடுத்துவிடும். அதற்கு ஒரு பொருளும் இல்லை என்பதைச் சொல்லே உணர்த்த வேண்டும்.

என் பரிந்துரை ‘பெயர்வகை மாறி’. வெறும் ‘வகை மாறி’ போதாது. வரிசை உள்ள மாறியான ஆர்டினலையும் (ordinal) சேர்த்துச் சொல்ல அந்தப் பொதுச்சொல் தேவைப்படும்.

ஆர்டினலுக்குத் ‘தரவரிசை மாறி’. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் வீடுகளைச் செல்வநிலைப்படி ஐந்து படிகளாகப் பிரிக்கிறார்களே, அது நல்ல உதாரணம். மேல் கீழ் உண்டு. ஆனால் முதல் படிக்கும் இரண்டாம் படிக்கும் உள்ள தூரமும், நான்குக்கும் ஐந்துக்கும் உள்ள தூரமும் ஒன்று என்று சொல்ல முடியாது.

உளவியலாளர் ஸ்டீவன்ஸ் 1946-இல் பிரித்த நான்கு அளவீட்டு வகைகளில் மீதி இரண்டும் ‘இடைவெளி’ (படிகளுக்கிடையே தூரம் சமம்), ‘விகிதம்’ (அதோடு உண்மையான பூச்சியமும் உண்டு) என்றே இருக்கட்டும். அவற்றில் குழப்பம் இல்லை.

சொல் தெளிவானால் புள்ளியியல் சோதனையைத் தேர்வதும் எளிது. மதத்துக்கும் வாக்களித்த கட்சிக்கும் தொடர்பு உண்டா என்றால் இரண்டுமே பெயர்வகை; கை-வர்க்கச் (chi-square) சோதனை. நகர, கிராம வீடுகளின் செல்வப்படியை ஒப்பிட்டால் தரவரிசை, மான்-விட்னி சோதனை. அதே இரு பகுதியினரும் பள்ளியில் படித்த ஆண்டுகள் என்றால் விகித மாறி. மாதிரி போதிய அளவு பெரிதாக இருந்தால் டி-சோதனை போதும். குழுக்கள் மூன்றானால் தரவரிசைக்குக் கிரஸ்கல்-வாலிஸ் சோதனை, விகித மாறிக்கு மாறுபாட்டுப் பகுப்பாய்வு (ANOVA).

எவ்வளவு உடன்படுகிறோம் என்று படிப்படியாகக் கேட்கும் லிக்கர்ட் கேள்விகளில்தான் இழுபறி வரும். ‘முற்றிலும் உடன்படுகிறேன்’ வகைக் கேள்வி தனியாக நின்றால் தரவரிசை என்றே எழுதுவோம். பல கேள்விகளின் கூட்டு மதிப்பெண்ணை இடைவெளி மாறியாகக் கொள்ளும் வழக்கம் உண்டு. அதற்காகத் தனிச்சொல் தேவையில்லை என்பது என் கருத்து. மாற்றுக்கருத்து இருந்தால் சொல்லுங்கள். அப்புறம், ‘பெயர்வகை’யைச் சேர்த்தே எழுத வேண்டும்.

அன்புடன்