கால் வீக்கத்துக்குக் காலுறை வாங்கப் போனபோது உங்களுக்கு என்ன நடந்தது?

மாடித்தோட்டம், ஈரோடு

அம்மாவுக்கு வெரிகோஸ், காலில் இரத்தக்குழாய் புடைத்துச் சுருளும் தொல்லை. காலை இறுக்கிப் பிடிக்கும் அழுத்தக் காலுறைக்கு மருத்துவர் எழுதிக் கொடுத்தது "முழங்காலுக்குக் கீழ், கிளாஸ் 2". சீட்டில் அதற்கு மேல் ஒன்றும் இல்லை. வேலை முடித்து மாலை ஏழு மணிக்கு ஒரு சர்ஜிக்கல்ஸ் கடைக்குப் போனோம். கல்லாவில் இருந்தவர் எழுந்திருக்கக்கூட இல்லை. அம்மாவை ஏற இறங்க ஒரு பார்வை பார்த்துவிட்டு, "எக்ஸ்எல் எடுத்துக்கொள்ளுங்கள், சரியாக இருக்கும்" என்று பெட்டியை மேசைமேல் வைத்தார். அளவு நாடா அவர் கையெட்டும் தூரத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அம்மா என் பக்கம் திரும்பி, "கேட்டது காலுக்கு. இவன் என் இடுப்பைப் பார்த்துச் சொல்கிறான்" என்றாள். கடையில் இருந்த எல்லோருக்கும் கேட்டது.

பெட்டியின் பின்பக்கத்தில் கணுக்கால் சுற்றளவு, கெண்டைக்கால் சுற்றளவு என்று அட்டவணையே அச்சிட்டிருக்கிறார்கள். காட்டினேன். "எல்லோருக்கும் இப்படித்தான் கொடுக்கிறோம், யாரும் திருப்பிக் கொண்டுவந்ததில்லை" என்றார். பிரித்த பெட்டி திரும்பப் பெறப்படமாட்டாது என்று அவர் தலைக்கு மேலேயே எழுதி ஒட்டியிருந்தது. பிறகு யார் கொண்டுவருவார்கள்? வாங்காமல் வந்துவிட்டோம். மற்றவர்களுக்கு எப்படி?

புடவை மடிப்பு, சென்னை

தியாகராய நகரில் ஒரு ஜவுளிக்கடையின் பட்டுப் பிரிவில் வேலை பார்த்தேன். காலையிலிருந்து இரவு கடை சாத்தும்வரை நிற்க வேண்டும். தீபாவளி நெருங்கினால் கேட்கவே வேண்டாம். 2021இல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தது நினைவிருக்கும், கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று. எங்களுக்கும் முக்காலிகள் வந்தன. சில நாட்களிலேயே அவற்றில் புடவைப் பெட்டிகள் உட்கார்ந்துகொண்டன.

கணுக்காலைச் சுற்றித் தோல் கறுக்கத் தொடங்கியதும் காலுறை போட ஆரம்பித்தேன். விரல்களையும் மூடும் வகை. எங்கள் தளத்தில் செருப்புக்கு அனுமதி கிடையாது, தரை வழவழப்பான கிரானைட். கை நிறையப் புடவைகளோடு திரும்பும்போது வழுக்கி, எதிரே உட்கார்ந்திருந்த வாடிக்கையாளர் மடியிலேயே விழுந்தேன். அந்த அம்மாள் பதறிப்போய் என் முழங்காலைத் தடவிப் பார்த்தார். ஓடி வந்த தளப் பொறுப்பாளர் கேட்டது இது: "இதையெல்லாம் ஏன் மாட்டிக்கொண்டு வருகிறாய்? பார்க்கிறவர்கள் சீக்காளி என்று நினைக்க மாட்டார்களா?" அடிபட்டதா என்று ஒரு வார்த்தை வரவில்லை. கீழே கிடந்த புடவைகளை எண்ணினார்.

வெறுங்காலோடு நிற்கிற வேலை என்றால் விரல் திறந்த வகையை வாங்குங்கள். விரல்களாவது தரையைப் பிடிக்கும். மெட்டி போட்டவர்களுக்கும் அதுதான் தோது. மூடிய வகையை மெட்டி கிழித்துவிடும்.

பழைய வார்டு, திருநெல்வேலி

மாடித்தோட்டம், கடைக்காரரைத் திட்டுவது எளிது. மாலை ஏழு மணிக்கு அவர் நாடாவை எடுத்து ஒழுங்காகவே அளந்திருந்தாலும் அந்த அளவு உதவாது. நாள் முழுக்க ஏறிய வீக்கத்தைச் சேர்த்து அளந்ததாகிவிடும்.

நான் செவிலியாக இருந்து ஓய்வு பெற்றவள். என்னை உறுத்துவது ஒரு கல்யாண வீட்டில் பார்த்தது. அறுவைசிகிச்சை முடிந்து எங்கள் வார்டிலிருந்து போன பெரியவர், படுக்கையில் இருந்தபோது போட்டுவிட்ட அதே வெள்ளைக் காலுறையோடு பந்தியில் உட்கார்ந்திருந்தார். கால் கிண்ணென்று வீங்கியிருந்தது. "நீங்கள் போட்டுவிட்டதுதானே சிஸ்டர், கழற்றச் சொல்லவில்லையே" என்றார். அந்த வெள்ளைக் காலுறை, படுத்திருப்பவர்களுக்கு இரத்தம் உறையாமல் இருக்கப் போடுவது. நடமாடுகிறவரின் வீக்கத்துக்கு அந்த அழுத்தம் போதாது.

இனி எல்லோருக்கும் சொல்கிறேன். காலையில் எழுந்ததும் அளக்க வேண்டும். கணுக்கால் எலும்புக்கு மேலே மிக ஒடுங்கிய இடம், கெண்டைக்காலின் மிகப் பருத்த இடம், தரையிலிருந்து முழங்கால் மடிப்பு வரை உயரம். இரண்டு கால்களையும் தனித்தனியாக அளக்க வேண்டும். எத்தனையோ பேருக்கு இரண்டும் ஒரே அளவில் இருப்பதில்லை. "கிளாஸ் 2" என்ற எழுத்தை மட்டும் நம்பாதீர்கள். ஜெர்மன் முறையில் அது 23 முதல் 32 மி.மீ. பாதரச அழுத்தம், பிரிட்டிஷ் முறையில் 18 முதல் 24 வரைதான். அமெரிக்கப் பெட்டிகளில் 20–30 என்று எண்ணாகவே போட்டிருக்கும். மருத்துவரிடம் எண்ணைக் கேட்டு எழுதி வாங்குங்கள். அழுத்தம் கணுக்காலில் அதிகமாகவும் மேலே போகப் போகக் குறைந்தும் இருக்க வேண்டும். நீளம் மிச்சமானால் மேல் விளிம்பை மடித்துவிடுகிறார்கள். அந்த இடத்தில் இரண்டு மடங்கு இறுகி, மேலே போக வேண்டிய இரத்தத்தைத் தடுக்கும்.

அதற்கும் முன்னால், கால் ஏன் வீங்கியது? இரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் சாப்பிடுகிறவர்களுக்கு அந்த மாத்திரையாலேயே கணுக்கால் வீங்கலாம். மருத்துவரிடம் சொன்னால் மாற்றித் தருவார். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய், இரத்தம் கட்டியிருக்கிறதா என்று டாப்ளர் ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும், காலுறைக் கடைக்குப் போகக் கூடாது. இதயம் பலவீனமாகி மூச்சு வாங்குகிறவருக்குக் காலை இறுக்கினால், காலில் தேங்கிய நீர் மேலேறி இதயத்துக்குச் சுமையைக் கூட்டும். சர்க்கரைக்காரர்களும் புகைப்பவர்களும் காலுக்கு இரத்தம் ஒழுங்காகப் போகிறதா என்று பார்க்காமல் போடவே கூடாது. கணுக்காலில் எடுக்கும் இரத்த அழுத்தத்தைக் கையில் எடுக்கும் இரத்த அழுத்தத்தால் வகுப்பார்கள். 0.8க்குக் கீழே வந்தால் எச்சரிக்கை, 0.5க்குக் கீழே என்றால் தொடவே வேண்டாம். நெடுநாள் சர்க்கரை இருந்தால் தமனிச் சுவரில் சுண்ணாம்பு படிந்து இந்த எண் பொய்யாக உயர்ந்தும் காட்டும், அதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கையால் துவையுங்கள், முறுக்கிப் பிழியாதீர்கள், நிழலில் உலர்த்துங்கள். காலுக்கு எண்ணெய் தடவுவதை இரவில் வைத்துக்கொள்ளுங்கள். தினமும் போட்டால் ஆறு மாதத்தில் இழுவை போய்விடும். கிழியவில்லையே என்று வருடக்கணக்கில் போடுகிறவர்கள் சாதாரண சாக்ஸ்தான் போட்டிருக்கிறார்கள்.

அதிகாலை ஓட்டம், சென்னை

அம்மா, உங்கள் பதிவைப் படித்தபிறகு காலுறைப் பெட்டியைத் திறக்கவே கை நடுங்குகிறது. ஓடுகிறவர்கள் போடுவதற்கு இத்தனை பரிசோதனை வேண்டுமா?

சரி, என் கதை. ஜனவரி மாரத்தானுக்குப் பழகிக்கொண்டிருந்த நேரம். பெசன்ட் நகர் கடற்கரையில் கறுப்புக் கெண்டைக்கால் உறையோடு நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். நடைப்பயிற்சிக்கு வந்த ஒரு பெரியவர் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்தி, "தம்பி, யானைக்காலா? இந்த வயதிலேயேவா?" என்றார். கூட ஓடுகிறவர்கள் இன்றுவரை அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

பிரிட்டிஷ் மாரத்தான் வீராங்கனை பவுலா ராட்கிளிஃப் முழங்கால்வரை காலுறை மாட்டிக்கொண்டு மாரத்தான் ஓடியதைப் பார்த்துப் பலருக்கு வந்த ஆசை எனக்கும் வந்தது. இதனால் வேகம் கூடும் என்பதை ஆய்வுகள் உறுதிப்படுத்தவில்லை. நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு போட்டுக்கொண்டால் மறுநாள் தசைவலி சற்றுக் குறைகிறது என்கிறார்கள், என் கால்களும் அதையே சொல்கின்றன. சென்னைப் புழுக்கத்தில் ஓடும்போது போடுவதைவிட, வீட்டுக்கு வந்து குளித்துவிட்டுப் போடுவதுதான் எனக்கு ஒத்துவருகிறது. விளையாட்டுக் கடைகளில் ஷூ அளவைக் கேட்டுத்தான் தருகிறார்கள், பல பெட்டிகளில் அழுத்த எண்ணே கிடையாது. வீக்கம் உள்ளவர்கள் பாதம் இல்லாத வெறும் கெண்டை உறையை வாங்க வேண்டாம், நீர் பாதத்தில் போய்த் தேங்கும்.

அரசலாற்றங்கரை, கும்பகோணம்

தம்பி, அந்தப் பெரியவர் கேட்டது உங்களுக்குச் சிரிப்பு. எனக்கு உண்மையிலேயே யானைக்கால்தான். எங்கள் பக்கம் அவர் மாதிரி யாரும் குரலைத் தாழ்த்திக் கேட்டதில்லை.

கொசு கடித்து வந்தது. எங்கள் தெருவுக்கு இரவில் வந்து விரலில் குத்தி இரத்தம் எடுத்துப்போவார்கள். அந்தப் புழுவின் குஞ்சுகள் இரவில்தான் இரத்தத்தில் நடமாடும். இப்போது என் இரத்தத்தில் ஒன்றும் இல்லை. கெட்டுப்போன நிணநீர்ப் பாதை கெட்டதுதான்.

அண்ணன் மகன் ஆசையாக ஆன்லைனில் ஒரு காலுறை வாங்கித் தந்தான். மூன்றாம் கிளாஸ், நல்ல விலை. என் கணுக்காலில் மடிப்பு உண்டு. துணி அந்த மடிப்புக்குள் இறங்கிச் சுருண்டு, சாயங்காலம் கழற்றும்போது தோல் வெட்டுப்பட்டிருந்தது. காய்ச்சல் வந்து கால் சிவந்து படுத்தேன். அந்த மாதிரிக் காய்ச்சல் வந்திருக்கும்போது எதையும் மாட்டக் கூடாது.

பிறகு பார்த்த பிசியோதெரபிஸ்ட் சொன்னார், கடையில் கிடைப்பவை குழாயாகப் பின்னியவை, என் மாதிரிக் காலுக்குத் தட்டையாகப் பின்னிப் பின்பக்கம் தையல் போட்டது வேண்டும் என்று. அது விறைப்பான துணி, மடிப்பின் மேல் பாலம் கட்டினாற்போல் நிற்கும், உள்ளே இறங்காது. அளவு கொடுத்துத்தான் செய்ய வேண்டும். அதிலும் உடனே அளக்கவில்லை. அதிகம் இழுபடாத பட்டையை அடுக்கடுக்காகக் கட்டி, வீக்கம் வற்றி நிலைத்தபிறகுதான் நாடாவை எடுத்தார். வீங்கிய காலுக்கு அளவெடுத்தால் வீங்கிய காலுக்குத்தான் உறை கிடைக்கும் என்றார்.

எனக்கு மறக்காதது காலுறை இல்லை. சுகாதார நிலையத்திலிருந்து ஒரு பெண் பேசின், சோப்பு, துண்டோடு வீட்டுக்கு வந்தாள். நான் காலைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டேன். அவள் பேச்சு கொடுத்துக்கொண்டே தரையில் உட்கார்ந்து, காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக் கழுவினாள். விரல் இடுக்குகளை ஒவ்வொன்றாக ஒற்றி எடுத்து, "இங்கே ஈரம் நின்றால்தான் புண், புண் வந்தால்தான் காய்ச்சல்" என்றாள். என் தங்கை அதைப் பார்த்துக்கொண்டு வாசற்படியிலேயே நின்றாள், உள்ளே வரவில்லை.

மாடித்தோட்டம், ஈரோடு

அக்கா, உங்கள் பதிவை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். திருநெல்வேலி அம்மா சொன்னபடி நாளைக் காலை அளக்கிறோம்.

தனிவீடு, கோவை

எல்லோரும் எதை வாங்குவது என்று பேசுகிறீர்கள். அதை யார் மாட்டிவிடுவது?

அப்பா தனியாக இருக்கிறார். கணுக்காலில் இருந்த புண் ஆறியதும், அது திரும்ப வராமல் இருக்க 30–40 அழுத்தம் எழுதிக் கொடுத்தார்கள். நான் ஊருக்குப் போன அன்று அவரே குனிய முடியாமல் குனிந்து காலுறையைக் கையால் மறைத்தார். கழற்றிப் பார்த்தேன். பல நாட்களாகக் கழற்றவே இல்லை. நெசவின் தடம் தோலில் அப்படியே பதிந்திருந்தது, குதிகால் பக்கம் தோல் நைந்திருந்தது. "கழற்றினால் மறுபடி மாட்ட யார் இருக்கிறார்கள்?" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

இப்போது அந்த ஒன்றுக்குப் பதிலாக 15–20 அழுத்தத்தில் இரண்டு, ஒன்றன்மேல் ஒன்றாக. மருத்துவர் சம்மதத்தோடுதான். ஏறக்குறைய இரண்டின் கூட்டுத்தொகை கிடைக்கும், ஒவ்வொன்றாக மாட்டுவதால் இழுக்கும் பலம் பாதி போதும். பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறை போட்டுக்கொண்டால் துணி வழுக்காது. குதிகால்வரை உள்வெளியாகப் புரட்டி, பாதத்தை நுழைத்தபிறகு மேலே ஏற்ற வேண்டும். இரவில் இரண்டையும் கழற்றிவிடுகிறார். வெல்க்ரோ பட்டை வைத்துச் சுற்றும் வகையும் உண்டு. இங்கே நான் கேட்ட கடைகளில் இல்லை, வரவழைக்கச் சொல்லியிருக்கிறேன்.

பழைய வார்டு, திருநெல்வேலி

இரண்டு அடுக்கு சரி. அப்பாவுக்குக் கணுக்கால் அழுத்தம் பார்த்தார்களா?

தனிவீடு, கோவை

பார்த்தார்கள் அம்மா. வலது 1.1, இடது 1.0. சர்க்கரையும் இல்லை, புகையும் இல்லை. பிடிவாதம் மட்டும் உண்டு.